பேட்ச்சா, கம்மா, மாத்திரையா? ஈறைக் கேட்டு முடிவெடுங்கள்

போன தை மாதம் மாமாவைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது, முறுக்கெல்லாம் விட்டு ஒரு வருஷம் ஆகிறது, பொங்கலில் கிடக்கும் மிளகைக் கடித்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது என்று அத்தை போனில் சொல்லியிருந்தாள். மாமாவுக்கு 63 வயது. கும்பகோணத்துக்காரர். கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை என்று நாற்பது வருஷப் பழக்கம். எனக்கு 41. நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட். கூட வந்தவன் சும்மா ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா என்னையும் நாற்காலியில் ஏறச் சொன்னார். இருவருக்கும் ஒரே பேச்சு: புகையிலையை விட்டாக வேண்டும்.

எதை வைத்து விடுவது என்று தேடத் தொடங்கினேன்: புகையிலையில் நம்மை அடிமைப்படுத்தும் நிகோடினை மட்டும் தரும், தோலில் ஒட்டும் பேட்ச்சா, வாயில் போடும் கம்மா, மிட்டாய் மாதிரி கரையும் லாசெஞ்சா, இல்லை மாத்திரையா என்று. கிடைத்த ஒப்பீடுகள் எல்லாமே நுரையீரலையும் இதயத்தையும் முன்னால் வைத்துப் பேசின. அதில் தப்பில்லை. ஆனால் ஆடுகிற பல்லோடு உட்கார்ந்திருப்பவர் சூயிங் கம் மெல்ல முடியுமா? கட்டுப்பல் மாட்டியவர்? கன்னத்தில் வெள்ளைப் படலம் இருப்பவர்? அந்தக் கேள்விகளை நானே எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். நான் டாக்டர் இல்லை. கேட்டதும் படித்ததும் பட்டதும்தான் இங்கே இருக்கிறது.

இரண்டு வாய், இரண்டு விதமான சேதம்

ஈறு டாக்டர்கள் ஒரு மெல்லிய கம்பி வைத்திருக்கிறார்கள். நுனி மொட்டையாக இருக்கும், மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். பக்கத்தில் நின்ற பெண் எழுதிக்கொள்ள, டாக்டரம்மா வரவு செலவுக் கணக்கு வாசிப்பது போல வாசித்துக்கொண்டே போனார்: "மூணு, ரெண்டு, மூணு... மூணு, அஞ்சு, ஆறு." மூன்று வரை கவலை இல்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போலத் தொங்குகிறது என்று அர்த்தம். அங்கே பிரஷ் போகாது. கிருமியும், பல்லில் படிந்து இறுகும் காரையும் போகும்.

ஐந்தும் ஆறும் வந்தது என் வாயில். மேல்வரிசையின் உட்பக்கம், அண்ணத்தை ஒட்டிய பகுதி. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பல் தேய்க்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தவன்.

"ரத்தம் வராததுதான் சார் உங்களுக்குப் பிரச்சினை" என்றார்.

ஈறில் கிருமி சேர்ந்தால் உடம்பு அங்கே ரத்தத்தை அனுப்பும். ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். அது எச்சரிக்கை. சிகரெட் பிடிப்பவர் ஈறில் ரத்தக் குழாய்களின் அந்தப் பதில் மழுங்கிவிடுகிறது. வெள்ளணுக்களும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. மணி அடிக்காத வீட்டில் திருடன் நிதானமாகப் பெட்டியைத் திறக்கிற மாதிரி, ஈறு வெளிறி, கெட்டியாக, நன்றாக இருப்பது போலவே காட்டிக்கொண்டிருக்க, அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் தேசிய அளவில் எடுத்த உடல்நலக் கணக்கை வைத்து 2000ல் வெளியான ஆய்வு ஒன்று, இப்போது புகைப்பவருக்கு எலும்பு வரை இறங்கும் ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு, புகைத்தே பழகாதவரைவிடச் சுமார் நான்கு மடங்கு என்றது. நாளைக்கு ஒன்பதோ அதற்குக் குறைவாகவோ புகைப்பவருக்கே மூன்று மடங்கை ஒட்டி வருகிறது. முப்பதைத் தாண்டினால் ஆறை ஒட்டி. அதே ஆய்வில் எனக்கு ஆறுதலாக இருந்த ஒரு வரியும் உண்டு: விட்டுப் பதினோரு வருஷம் ஆனவர்களுக்கும் புகைக்கவே புகைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பன்னிரண்டு என்ற என் கணக்கைக் கேட்டதும் டாக்டரம்மா தாளில் ஒரு எழுத்தை மாற்றினார். 2018லிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் ஈறு நோய் வகைப்பாட்டில், நாளைக்குப் பத்து சிகரெட்டைத் தொட்டாலே, நோய் வேகமாகப் போகும் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். பத்துக்கு உள்ளே என்றால் நடுவகை. சர்க்கரை நோய்க்கும் அதே மாதிரி ஒரு படி ஏற்றம்.

மாமா வாய் வேறு கதை. வலப்பக்கம் முழுக்க ரெண்டு, மூணு என்றே வந்தது, வயதுக்கு அபாரம். இடப்பக்கக் கீழ்த்தாடையில் மட்டும் நாலு பல்லுக்கு ஈறு கீழே இறங்கி, வேர் தேன் நிறத்தில் வெளியே தெரிந்தது. வேரில் நகத்தால் கீறியது போலப் பள்ளம். ஒரு வேர்ச்சொத்தை. பக்கத்துக் கன்னத்தின் பள்ளத்தில், தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல் மாதிரி, வெளுத்துச் சுருங்கிய ஒரு படலம்.

"ஐயா, இந்தப் பக்கம்தான் ஒதுக்குவீங்களா?"

"ஆமாம்மா. தூங்கறப்பவும் ஒரு துணுக்கு கெடக்கும்."

அவ்வளவுதான். புகை வாய் முழுக்கப் பரவுகிறது, உடம்பு வழியாகவும் வந்து ஈறைத் தாக்குகிறது. மெல்லுகிற புகையிலை ஒதுக்கிய இடத்தைத் தின்கிறது. சுண்ணாம்பு தோலை அரிப்பதோடு, காரத்தன்மையால் நிகோடின் வேகமாக உள்ளே ஏறவும் வழி செய்கிறது. பதப்படுத்திய பொட்டலப் புகையிலையில் இனிப்பு சேர்ப்பதுண்டு. வேர் வெளியே தெரிகிற பல்லில் அது சொத்தையாக முடியும். கூடவே துகளும் மண்ணும் பல்லைத் தேய்க்கின்றன. வெள்ளைப் படலத்தைப் பற்றி டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. புகையிலையை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்தில் அது மறைய வேண்டும், மறையாவிட்டால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மாமா அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

அதற்கு முன்னால் ஒரு வாதம் செய்திருந்தார். புகையிலை ஈறைக் கெட்டிப்படுத்தும், பல்வலிக்கு நல்லது, எங்கள் ஆத்தா தொண்ணூறு வயசு வரை பல்லுக்கு மூக்குப்பொடி வைத்துத் தேய்த்தவள் என்று. வலி மரத்துப்போவது நிஜம். அதனால்தான் சொத்தை கடைசி வரை தெரிவதில்லை. புகையிலை போட்டுப் பல்பொடி செய்யக்கூடாது என்று இந்திய அரசு 1992லேயே தடை போட்டது.

முதலில் கழித்துவிட வேண்டியவை

விடாமலே சமாளிக்கலாமா? இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்துகொண்டு, கறை எடுக்கும் பற்பசை வாங்கிக்கொண்டு, அப்படியே ஓட்டிவிடலாமே என்று. கறை போகும். பை ஆழம் குறைவது புகைப்பவருக்கு மட்டமாகத்தான் இருக்கும். அதே சுத்தம், அதே கை, ஆனால் ஈறு மறுபடி ஒட்டுவது குறைவு. கறை எடுக்கும் பொடிகளில் சொரசொரப்பு அதிகம் வேறு. மாமா வேரில் இருக்கும் பள்ளத்தை அது இன்னும் ஆழமாக்கும்.

(சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். நடுவே சிமென்ட் மாதிரி காரை இறுகி அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது.)

குறைத்துக்கொள்வது? பன்னிரண்டை ஐந்தாக்கினேன், கல்யாணமான புதிதில் ஒருமுறை. அந்த ஐந்தையும் விரல் சுடும் வரை இழுத்தேன். 2016ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 700 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு நாள் குறித்து அன்றோடு நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நாலு வாரம் தாங்கினார்கள்; இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். நாள் குறிப்பதே மேல்.

மாற்றிக்கொள்வது என்பது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் விட்டுவிட்ட நிம்மதியைத் தந்துவிடுகிறது. சிகரெட்டிலிருந்து பீடிக்குப் போவதில் லாபமே இல்லை. சிகரெட்டை விட்டு உதட்டுக்கடியில் பொட்டலம் வைக்கும் பையன்களை அலுவலகத்தில் பார்க்கிறேன். என் வாய்க்கு வந்த சேதத்திலிருந்து மாமா வாய்க்கு வந்த சேதத்துக்கு மாறுகிறார்கள், அவ்வளவுதான். மின் சிகரெட் இந்தியாவில் 2019லிருந்து தடை, பேச்சுக்கே இடமில்லை. புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு வெறும் வெற்றிலை பாக்கு போடுவதைத்தான் மாமா முதலில் கேட்டார். பாக்கையே, புகையிலை சேராமல், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்துவிட்டது. கன்னத் தசை நார் நாராக இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோய்க்குக் காரணமும் பாக்குதான். 'புகையிலை இல்லாதது' என்று அச்சடித்து வரும் பான் மசாலாவுக்கும் இது பொருந்தும்.

பேட்ச், கம், லாசெஞ்ச், மாத்திரை

எந்த உதவியும் இல்லாமல் மனசை மட்டும் நம்பி விடுபவர்களில், ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்ட 41 நாளும் தொடமாட்டார். மாலை கழற்றிய அன்று மாலையே கடையில் நிற்பார். மன உறுதியில் அவருக்குக் குறைச்சல் இல்லை. அதனால் 'மனசு இருந்தால் போதும்' என்று சொல்பவர்களோடு எனக்கு இப்போது சண்டை.

நிகோடின் மாற்றுகள் எதுவாக இருந்தாலும் வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்கை ஒட்டி உயர்த்துகின்றன. மெதுவாக வேலை செய்யும் பேட்ச்சோடு, உடனே வேலை செய்யும் கம்மையோ லாசெஞ்சையோ சேர்த்தால் தனித்தனியாக எடுப்பதைவிட மேல். வரெனிக்ளின் மாத்திரை இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இந்த எண்கள் எல்லாம் பெரும்பாலும் புகைப்பவர்களை வைத்து எடுத்தவை. நம் நாட்டில் 2016-17ல் எடுத்த கணக்குப்படி புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுபவர்கள், ஒதுக்குபவர்கள் 21.4 சதவீதம். ஆய்வு ஒரு பக்கம், ஆட்கள் இன்னொரு பக்கம். மெல்லுபவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் பார்த்தபோது, கம்முக்கும் பேட்ச்சுக்கும் தெளிவான பலன் தெரியவில்லை. வரெனிக்ளினும் லாசெஞ்சும் ஓரளவு உதவின. உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் புகைப்பவர்களுக்கு நாலு வகை மருந்தைச் சொல்லிவிட்டு, மெல்லுபவர்களுக்கு வரெனிக்ளின், நிகோடின் மாற்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது.

இனி வாயை வைத்துப் பார்ப்போம்.

கம். கடையில் எளிதாகக் கிடைப்பது இதுதான், தப்பாகப் பயன்படுவதும் இதுதான். நான் முதல் நாள் அதைச் சாதாரண சூயிங் கம் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, நெஞ்சு எரிந்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டினேன். அது மெல்லுவதற்கே இல்லை. நாலைந்து கடி கடித்ததும் மிளகு மாதிரி ஒரு சுரீர் வரும். உடனே நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, வேறு இடத்தில் ஒதுக்கல். அரை மணி நேரம். முன்னாலும் நடுவிலும் காபி, ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது, கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நம்மூரில் காபியும் சிகரெட்டும் ஜோடி என்பதால் நான் தடுக்கி விழுந்த இடமும் இதுவே. காலை எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் தேடுபவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி.

கடைவாய்ப்பல் ஆடினால் கம் வேண்டாம். கழற்றி மாட்டும் பல்செட்டில் ஒட்டிக்கொள்ளும். தாடை மூட்டு வலி இருந்தால் வலி கூடும். மாமாவுக்கு இதில் முதலாவதே போதும், கம் அடிபட்டுப்போக. இன்னொன்றும் உண்டு. நாற்பது வருஷமாக ஒதுக்கியே பழகிய கன்னத்தில் மறுபடி எதையோ ஒதுக்கச் சொல்கிறோம். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குப் பழைய பாட்டையே ஞாபகப்படுத்தும். மாமாவை நான் அறிவேன். கம் ஒரு வாரம், அதன் மேல் ஒரு கிள்ளு புகையிலை என்று முடிந்திருக்கும்.

லாசெஞ்ச். மிட்டாய் மாதிரி, ஆனால் கடிக்கவோ விழுங்கவோ கூடாது, அரை மணி நேரம் போலத் தானாகக் கரைய விட வேண்டும். பல் ஆடுபவருக்கும் பல்செட் போட்டவருக்கும் ஏற்றது. சர்க்கரை சேராததா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். வேர் தெரிகிற வாயில் நாள் முழுக்க இனிப்பு ஊறக்கூடாது. இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார் டாக்டரம்மா, இடப்பக்கக் கன்னத்தை மட்டும் தொடவே கூடாது என்றார். படலம் ஆறுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்தை எதுவும் உறுத்தக்கூடாது.

பேட்ச் வாயை விட்டே விலகி நிற்கிறது. ஈறுக்கு இதைவிட நல்லது வேறில்லை. நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர் 21 மி.கி.யில் தொடங்கி ஆறு வாரம், பிறகு 14, பிறகு 7 என்று இரண்டிரண்டு வாரம் இறங்கி வரலாம். முடியில்லாத தோலில், தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்து ஓரம் கிளம்பிவிடும் என்பது அட்டையில் போடாத விஷயம்; குளித்து நன்றாகத் துடைத்து, மின்விசிறியடியில் உட்கார்ந்து ஒட்டினால் நிற்கிறது. சிலருக்கு அரிப்பு, இரவில் விசித்திரக் கனவு. கனவு தொல்லை என்றால் படுக்கும்போது எடுத்துவிடலாம். குறை என்னவென்றால், திடீரென்று கிளம்பும் சிகரெட் ஆசையின் வேகத்தை இது அடக்காது. பதினொரு மணி டீ, ரயில் தாமதம், மேனேஜர் போன். அந்த நேரத்துக்குத்தான் கூட ஒரு கம்.

மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு. வரெனிக்ளின் மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் தான் போய்ப் பாதி உட்கார்ந்துகொள்கிறது. புகைத்தாலும் பழைய சுகம் வருவதில்லை. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பன்னிரண்டு வாரம். வயிற்றைப் புரட்டும், சாப்பிட்ட பின் போட்டால் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். புப்ரோபியான் இன்னொன்று. வலிப்பு வந்தவர்களுக்குக் கூடாது. பல் பக்கம் நின்று பார்த்தால் அதில் எனக்கு ஒரு உறுத்தல்: வாய் வறளும். எச்சில் குறைந்தால் சொத்தை கூடும், வேர் வெளியே தெரிபவருக்கு இன்னும் வேகமாக. மற்ற காரணங்களுக்காக டாக்டர் அதைத்தான் தருகிறார் என்றால் தண்ணீர்ப் பாட்டில், ஃபுளோரைடு பற்பசை இரண்டையும் விடாதீர்கள்.

எதை எடுத்தாலும் பேச ஒரு ஆள் வேண்டும். புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 இலவச எண், தமிழிலும் பேசுகிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை நிறுத்தும் மையங்களை அமைக்க 2018ல் அரசு வழிகாட்டி வந்தது. மாமாவை அனுப்பியதும் அப்படி ஒரு மையத்துக்குத்தான். மெல்லுபவர்களிடம் மருந்தைவிட இந்தப் பேச்சும், வாயைத் திறந்து கண்ணாடியில் அவர்களுக்கே காட்டுவதும் பலன் தருகிறது என்று படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கைக்கண்ணாடியில் தன் கன்னத்தின் உட்பக்கத்தை முதன்முதலாகப் பார்த்த மாமா, "இது என்னோடதா?" என்று கேட்டார்.

நாங்கள் எடுத்தது

எனக்கு 21 மி.கி. பேட்ச்சும் 2 மி.கி. கம்மும். பல் எதுவும் ஆடவில்லை, வேகம் வருவது குறிப்பிட்ட நேரங்களில், வயிறு லேசானது. அதனால் மாத்திரையைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொண்டேன். மாமாவுக்கு லாசெஞ்ச், வாரம் ஒருமுறை மையத்திலிருந்து போன், வாய்க்கு வேலை வேண்டுமே என்று அத்தை வறுத்துக் கொடுத்த சோம்பும் கொத்துமல்லி விதையும். வரெனிக்ளினுக்குச் சிறுநீரகச் சோதனை எடுத்துவிட்டு, முதலில் லாசெஞ்சைப் பார்ப்போம் என்றார்கள்.

யாரும் சொல்லாமல் விடும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்தி நாலாவது வாரம் பல் தேய்க்கும்போது வாஷ் பேசினில் ரத்தம். வாழ்க்கையில் முதல்முறை. அதற்கு முந்தின வாரங்களில் நாக்கோரம் வாய்ப்புண் வேறு. சிகரெட் பிடித்தபோது எதுவும் இல்லை, விட்டதும் எல்லாம் வருகிறதே என்று நினைக்காதவர் இருக்க முடியாது. இதைக் காரணம் காட்டியே திரும்பிப் போனவரை எனக்குத் தெரியும். விட்ட முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண் பலருக்கு வருவதுதான், தானாகப் போய்விடும். ரத்தம்? மழுங்கிக் கிடந்த ஈறு மறுபடி மணி அடிக்கத் தொடங்கியிருக்கிறது. பிரஷ்ஷை நிறுத்தாமல், பல் டாக்டரிடம் போய் அடிவரை சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நேரம் அதுவே. அதனால் நாள் குறிக்கும்போது, ஈறு சுத்தம் செய்யும் முதல் தவணையை அதே வாரத்திலும், மறுபார்வையை ஆறாவது வாரத்தை ஒட்டியும் வைத்துக்கொள்வது நல்லது. விட்ட பிறகு பல்லைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பல் எடுக்கும் வேலை மட்டும் வேறு. மாமாவின் ஆடுகிற பல்லைக் காப்பாற்ற முடியாது என்றாகிவிட்டது. எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடினால்தான் ஆறும். அந்த நேரத்தில் புகைத்தால் உறைவு கலைந்து எலும்பு வெளியே தெரிய, பிரசவ வலி என்பார்களே, அப்படி ஒரு வலி வரும். குறைந்தது மூன்று நாள் எதுவும் கூடாது. அவர் விட்டு ஒரு மாதம் ஆன பிறகு எடுத்தார்கள். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று மாமா இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். இம்ப்ளான்ட் புகைப்பவர்களிடம் தோற்பது புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு பணத்தை அந்தப் பந்தயத்தில் கட்ட, குறைந்தது சில மாதம் சுத்தமாக நின்று காட்ட வேண்டும். பிரிட்ஜ் போடப் பக்கத்துப் பற்களைச் செதுக்க வேண்டும். அவற்றின் வேரே வெளியே தெரியும்போது அதுவும் அவ்வளவு நல்ல யோசனை இல்லை. இப்போதைக்குக் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல்லே போதும் என்பது என் கட்சி. அத்தை என் பக்கம்.

மூன்றாவது மாதம் இருவரும் போனோம். என் ஆறு, நாலாகியிருந்தது. ஐந்துகள் சில மூன்று. மாமாவின் ஈறு இறங்கின இடத்திலேயே நிற்கிறது, அது வளர்ந்து மேலே ஏறாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கன்னத்துப் படலம் மூன்றாவது வாரமே மங்கி, இப்போது தேடினால்தான் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். புகையிலை கிடையாது. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வெற்றிலையும் இரண்டு துண்டு சீவலும் போடுவதாக அவரே ஒப்புக்கொண்டார்.

"அதுல புகையிலை எங்கம்மா இருக்கு?"

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. ஒரு அளவுகோலை எடுத்து, வாயை முழுக்கத் திறக்கச் சொல்லி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்தார். 41 மி.மீ. அட்டையில் தேதி போட்டு எழுதினார். பிறகு மாமாவின் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து, நிமிர்த்தி, அவர் வாய்க்குள்ளேயே வைத்துக் காட்டினார்.

"தினமும் காலையில இப்படி வச்சுப் பாருங்கய்யா. மூணு விரல் நுழையலைன்னா அன்னைக்கே பஸ் ஏறிடுங்க. சீவலை விட்டுட்டா பார்க்கவே வேண்டாம்."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மாமா மூன்று விரலை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.